எல்லோருக்கும் ஒரே பானை: வடக்கு கரேலியா சமையலை மாற்றிக்கொண்ட விதம், ஒரு நிகழ்வு ஆய்வு

1971 ஜனவரியில் பின்லாந்தின் கிழக்கு எல்லை மாகாணமான வடக்கு கரேலியாவிலிருந்து அரசுக்கு ஒரு மனு போனது. ஆளுநர், நாடாளுமன்ற உறுப்பினர்கள், உள்ளூர் அமைப்புகளின் பிரதிநிதிகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்ட மனு. எங்கள் ஊர் ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பில் செத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். மருத்துவமனை கட்டித் தரச் சொல்லி மனு போடுவது எங்கும் நடப்பது, நோயே வராமல் தடுக்க வழி கேட்டு ஒரு மாகாணமே மனு போடுவது அபூர்வம். அந்த மனுவிலிருந்து பிறந்ததுதான் 1972-ல் தொடங்கி 1997 வரை நடந்த வடக்கு கரேலியா திட்டம்.

பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள் இதை இதய நோய்த் தடுப்புக்கான முன்மாதிரியாகப் படிப்பார்கள். நான் இதை ஒரு சமையலறைக் கதையாகவே பார்க்கிறேன். வீட்டில் எல்லோரும் கொஞ்சம் நல்லபடியாகச் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படும் எந்தக் குடும்பத்துக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது, அதுவும் செலவோ பெரிய ஏற்பாடோ இல்லாமல் செய்யக்கூடியவை. ஆனால் அதைப் புரிந்துகொள்ள அந்த ஊரில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

மேசையில் என்ன இருந்தது

வடக்கு கரேலியா என்றால் காடும் ஏரியும் நீண்ட குளிர்காலமும். தலைநகரம் யோயென்சூ. அன்றைய மக்கள்தொகை சுமார் 1,80,000. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, எல்லைக்கு அப்பால் போய்விட்ட பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கும் போரில் பங்கேற்ற வீரர்களுக்கும் பின்லாந்து அரசு நிலம் கொடுத்தது. காட்டை வெட்டித் திருத்திக் குடியேறிய அந்தச் சிறு பண்ணைகளில் நாலைந்து மாடுகள், ஒரு பன்றி. குளிர் பிரதேசத்தில் நம்பி வளர்க்க முடிந்தது அதுதான். அதனால் பால், வெண்ணெய், பன்றி இறைச்சி, குளிர்காலத்துக்கு உப்புப் போட்டு வைத்த மீன், ரொட்டி, உருளைக்கிழங்கு என்றே சாப்பாடு அமைந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடிமனாக இருக்கும், குடிக்கும் பால் கொழுப்பு எடுக்காத பால், பொரிப்பதும் வெண்ணெயில்தான்.

பசியை அனுபவித்த தலைமுறை அது. வெண்ணெய் நிறைய இருக்கும் மேசை என்றால் குடும்பம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். காய்கறி என்பது விலங்குகளுக்கானது என்ற எண்ணம் ஆண்களிடம் சாதாரணமாக இருந்தது. மரம் வெட்டும் வேலைக்கு அத்தனை கொழுப்பும் தேவைப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும், காட்டு வேலைக்கு இயந்திரங்கள் வந்த பிறகும் தட்டு மாறவில்லை.

1958-ல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு இதை எண்ணிக்கையாகக் காட்டியது. ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தலைமையில் அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யுகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய நாடுகளில் 40 முதல் 59 வயது வரையுள்ள ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். இதய நோய் மரணத்தில் கிழக்கு பின்லாந்து மிக மோசமான இடத்தில் நின்றது. கிரீட் தீவும் ஜப்பானும் மறுகோடியில்.

1972-ல் திட்டம் தொடங்கும்போது எடுத்த கணக்கெடுப்பில் வடக்கு கரேலிய ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு சுமார் 6.9 மில்லிமோல், அதாவது நாம் பரிசோதனைத் தாளில் பார்க்கும் அளவில் டெசிலிட்டருக்கு 265 மில்லிகிராமுக்கும் மேல். 200-க்குக் கீழே இருக்கட்டும் என்று மருத்துவர்கள் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது நோயாளிகளின் சராசரி இல்லை, ஊரின் சராசரி. ஆண்களில் பாதிப்பேர் புகைபிடித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் ரொட்டிக்கு வெண்ணெய்தான் தடவினார்கள்.

நோயாளிக்குத் தனிச் சமையல் என்ற யோசனையை விட்டது

திட்டத்துக்குப் பொறுப்பேற்ற பெக்கா பூஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அவரும் குழுவும் எடுத்த முதல் முடிவுதான் என் பார்வையில் மொத்தக் கதையின் அச்சாணி. ஆபத்து அதிகம் உள்ளவர்களை மட்டும் தேடிப் பிடித்து அவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு எழுதிக் கொடுப்பது வழக்கமான முறை. இங்கே சராசரியே ஆபத்தான இடத்தில் இருந்ததால், யாரைத் தனியாகப் பிரிப்பது? அப்படிப் பிரித்தாலும் அந்த மனிதர் திரும்பிப் போவது அதே வீட்டுக்கு, அதே மேசைக்கு. எல்லோரும் வெண்ணெய் தடவிச் சாப்பிடும்போது ஒருவர் மட்டும் எத்தனை நாள் வெறும் ரொட்டியைக் கடிப்பார்?

ஆகவே ஊர் முழுவதும் சாப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது என்று தீர்மானித்தார்கள். ஒவ்வொருவரும் சிறிதளவு மாறினாலே போதும், மொத்தத்தில் அது பெரிய எண்ணிக்கையாகும் என்ற கணக்கு. இதே கணக்கு ஒரு வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்தவுடன் அவருக்கு மட்டும் உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் தனியாக ஒரு கிண்ணத்தில் வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. சமைப்பவருக்கு இரட்டை வேலை, சாப்பிடுபவருக்குத் தண்டனை அனுபவிக்கும் உணர்வு. சில மாதத்தில் இரண்டு பேருமே சலித்துவிடுகிறார்கள். அதே நோய்க்கான குடும்ப வாய்ப்பைச் சுமந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்து பழைய சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். மருத்துவர் குறிப்பாகச் சொன்ன கட்டுப்பாடுகள், ஒவ்வாமை, சிறுநீரக நோய் போன்றவை வேறு விஷயம், அவற்றை அப்படியே பின்பற்ற வேண்டும். மற்றபடி, பொதுப் பானையே அந்த ஒருவருக்கும் ஏற்றதாக மாறுவதுதான் நிலைக்கும்.

மார்த்தா சங்கத்துப் பெண்கள்

துண்டுப் பிரசுரம், வானொலி, செய்தித்தாள், கூட்டங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு பெண் தன் வீட்டில் இரவுச் சாப்பாட்டை மாற்றிச் சமைக்க வேண்டுமென்றால், என்ன செய்யக்கூடாது என்ற தகவல் போதாது. என்ன சமைப்பது, அது வாய்க்கு ஒத்துவருமா, வீட்டுக்காரர் சாப்பிடுவாரா என்பதுதான் அவருடைய கேள்வி.

அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் ஏற்கெனவே ஊரில் இருந்தார்கள். மார்த்தா சங்கம் 1899-ல் தொடங்கிய பெண்கள் அமைப்பு. வீட்டு நிர்வாகம், தோட்டம், சமையல் இவற்றைக் கற்றுக்கொடுப்பது அதன் வேலை, கிராமம் கிராமமாக அதற்குக் கிளை உண்டு. திட்டக்குழு அவர்களோடு கைகோத்தது. 'நீண்ட ஆயுள் விருந்து' என்ற பெயரில் கிராமங்களில் கூட்டம் நடத்தினார்கள். கூட்டம் என்றால் மேடைப் பேச்சு கிடையாது. எல்லோரும் சேர்ந்து சமைப்பார்கள், உட்கார்ந்து சாப்பிடுவார்கள், நடுவில் திட்டத்து ஆள் சிறிது நேரம் பேசுவார், அவ்வளவுதான். சாப்பிட்டுப் பார்த்த பிறகு செய்முறையை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

அவர்கள் மாற்றிய பதார்த்தங்களில் ஒன்றை அருகில் போய்ப் பார்க்கலாம். கரேலிய இறைச்சிக் குழம்பு என்பது அந்த மண்ணின் அடையாளமான உணவு. கொழுப்புள்ள இறைச்சித் துண்டுகள், தண்ணீர், உப்பு, இவற்றைப் பானையில் போட்டு அடுப்பின் மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவிடுவார்கள். இதைச் சாப்பிடாதே என்று கரேலியாக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், உங்களை வாசலோடு அனுப்பிவிடுவார். மார்த்தா பெண்கள் அப்படிச் சொல்லவே இல்லை. அதே பானை, அதே அடுப்பு, அதே நேரம். இறைச்சியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேரட், உருளைக்கிழங்கு, டர்னிப் இனத்தைச் சேர்ந்த ருட்டபாகா கிழங்கு ஆகியவற்றைப் போட்டார்கள், உப்பையும் குறைத்தார்கள். இறைச்சிச் சாறில் மெதுவாக வெந்த கிழங்குக்கு ஓர் இனிப்பு வரும், குழம்பும் கெட்டியாகும். சாப்பிட்டவர்களுக்குப் பிடித்தது, பிடித்ததால் வீட்டில் திரும்பச் செய்தார்கள்.

நான் இந்தக் குழம்பைப் பற்றி இத்தனை சொல்வதற்குக் காரணம், ஆரோக்கியச் சமையல் என்றாலே புதுப் பெயர், புதுப் பொருள், கேள்விப்படாத விதை என்று தேடிப் போகும் பழக்கம் நமக்கு ஆழமாக இருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் பதார்த்தத்துக்குள் விகிதத்தை மாற்றுவதற்கு எந்த எதிர்ப்பும் வராது, வந்தாலும் பலமாக இருக்காது. புதுப் பதார்த்தம் ஒவ்வொரு தடவையும் தேர்வு எழுத வேண்டியிருக்கும், பழைய பதார்த்தம் ஏற்கெனவே தேறியது.

மார்த்தா சங்கத்தோடு சேர்த்து, கிராமங்களில் மற்றவர்கள் மதிக்கும் சாதாரண மனிதர்கள் நூற்றுக்கணக்கானவர்களுக்கும் திட்டம் பயிற்சி கொடுத்தது. கடைக்காரர், ஆசிரியர், சங்கத் தலைவி, இப்படி. மருத்துவர் வருடத்துக்கு ஒருமுறை சொல்வதைவிடப் பக்கத்து வீட்டு அக்கா வாராவாரம் சொல்வது காதில் ஏறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வெண்ணெய், பால், காபி

குழம்பு வாரத்துக்கு ஒருமுறை. ரொட்டியும் பாலும் காபியும் தினமும் பல தடவை. பெரிய மாற்றம் இங்கேதான் வர வேண்டியிருந்தது, எதிர்ப்பும் இங்கேதான் அதிகம், ஏனென்றால் மாகாணத்தின் பிழைப்பே மாட்டுப் பண்ணை. வெண்ணெயைக் குறை என்று சொல்வது பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தில் கை வைப்பதாகப் பட்டது. பால் தொழிலிலிருந்து பலமான மறுப்பு வந்தது.

இதைத் தீர்க்கப் பல வருடம் ஆனது, பல கை சேர்ந்தன. கொழுப்புக் குறைந்த பால் கடைகளில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியது. பாலில் உள்ள கொழுப்பை வைத்து விவசாயிக்கு விலை கொடுக்கும் முறை புரதத்தின் பக்கம் நகர்ந்தது. வடக்குக் குளிரில் விளையும் ரேப்சீட் ரகங்கள் வந்ததால், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தப் பயிரின் எண்ணெய் உள்நாட்டிலேயே கிடைத்தது. 1972-ல் சமையலுக்குத் தாவர எண்ணெய் பயன்படுத்தியவர்கள் விரல் விட்டு எண்ணுமளவு, பின்னாளில் ஏறக்குறைய பாதி வீடுகளில் அதுதான். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுபவர்கள் பத்தில் ஒருவருக்கும் கீழே குறைந்தார்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். யாரும் ரொட்டியை விடவில்லை, பாலை விடவில்லை. ரொட்டி மேல் தடவும் பொருளும் பாலில் உள்ள கொழுப்பும் மாறின. உள்ளே நடப்பது இதுதான்: வெண்ணெய், கொழுப்புள்ள இறைச்சி போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்தில் உள்ள எல்டிஎல் என்ற 'கெட்ட' கொலஸ்ட்ராலைக் கல்லீரல் எடுத்து அப்புறப்படுத்தும் வேகத்தைக் குறைக்கிறது, எனவே அது ரத்தத்தில் தேங்குகிறது. அந்த இடத்தில் நிறைவுறாத கொழுப்புள்ள எண்ணெய் வந்தால் தேக்கம் குறைகிறது. மொத்தக் கொழுப்பையும் பூஜ்யமாக்க வேண்டிய அவசியம் இல்லை, எந்தக் கொழுப்பு என்பதே முக்கியம். வெண்ணெய்க்குப் பதில் சர்க்கரையையும் மைதாவையும் நிரப்பினால் இந்தப் பலன் கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்று, இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொழுப்பு வேண்டும், கொழுப்பெடுத்த பால் அவர்களுக்கானது இல்லை.

காபி பலரும் கவனிக்காத பகுதி. பின்லாந்துக்காரர்கள் காபியை மிக அதிகமாகக் குடிப்பவர்கள், முன்பெல்லாம் தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து அப்படியே ஊற்றிக் குடிப்பார்கள். காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, அது கொலஸ்ட்ராலை உயர்த்தும். காகித வடிகட்டியில் இறக்கும் காபி பரவியபோது அந்த எண்ணெயைக் காகிதம் பிடித்துக்கொண்டது. காபியின் அளவைக் குறைக்காமலே ஒரு நன்மை கிடைத்தது. உலோக வடிகட்டி இந்த வேலையை அந்த அளவுக்குச் செய்யாது, அதனால் கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள், தினம் பல கோப்பை குடிப்பவர்களாக இருந்தால், இதை யோசிப்பது நல்லது.

தொத்திறைச்சியும் பெர்ரியும்

உள்ளூரில் தொத்திறைச்சி, அதாவது சாஸேஜ், தயாரிப்பவரிடம் திட்டக்குழு பேசியது. கொழுப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாக அங்கே காடுகளில் விளையும் காளானைச் சேர்த்து, உப்பையும் குறைத்து ஒரு தொத்திறைச்சி வந்தது. கடையில் அது இருக்கும் இடம் அதேதான், வாங்குகிறவரின் பழக்கமும் அதேதான், உள்ளே இருப்பது மட்டும் வேறு.

பெர்ரி கதை இன்னும் நல்ல கதை. எண்பதுகளில், பால் பண்ணையை நம்பியிருந்த விவசாயிகளில் ஒரு பகுதியினரைப் பெர்ரி சாகுபடிக்குக் கொண்டுவர ஒரு தனித் திட்டம் நடந்தது. குளிர் நாட்டில் வெளியூர்ப் பழம் விலையுயர்ந்தது, காட்டிலும் தோட்டத்திலும் பெர்ரி தாராளமாக விளையும், ஆனால் பருவம் குறுகியது. ஆகவே உறையவைத்து ஆண்டு முழுவதும் விற்கும் ஏற்பாடு செய்தார்கள். வெண்ணெயை இழந்த விவசாயிக்கு வேறு வருமானம், வீட்டுக்கு நடுக்குளிர்காலத்திலும் பழம். உறையவைத்த பழமும் காயும் சத்தில் குறைந்தவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பறித்த உடனே உறையவைத்தவற்றில் பெரும்பாலான சத்துகள் அப்படியே இருக்கும், பல நாள் வாடிக் கிடந்த 'புதிய' காயைவிட மேலாகக்கூட இருக்கும். வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் குடும்பத்துக்கு, நறுக்கி உறையவைத்த காய் ஒரு பொட்டலம் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று சமைப்பவர்களுக்குத் தெரியும்.

பள்ளி, உப்பு, போட்டி

பின்லாந்தில் 1948 முதல் எல்லாப் பள்ளிக் குழந்தைகளுக்கும் இலவச மதிய உணவு உண்டு. அங்கே கொழுப்புக் குறைந்த பாலும் காய்கறியும் வந்தபோது, குழந்தைகள் தினமும் மற்ற குழந்தைகளோடு உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுப் பழகினார்கள். எழுபதுகளிலிருந்து பரவிய 'தட்டு மாதிரி' என்ற எளிய படம் இதற்குத் துணை செய்தது. தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு உருளைக்கிழங்கோ தானியமோ, கால்பங்கு மீன், இறைச்சி, பருப்பு போன்ற புரதம். எடை போட வேண்டாம், கலோரி எண்ண வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியும். ஊட்டச்சத்தைப் பற்றி எத்தனையோ அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன், இதைவிடப் பயனுள்ள ஒன்றைக் கண்டதில்லை.

உப்பு விஷயத்தில் நாடு முழுவதுமே இறங்கியது. எழுபதுகளில் ஒருவர் நாளுக்குச் சுமார் 12 கிராம் உப்பு சாப்பிட்ட நாடு, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் 9 கிராம் அளவுக்கு வந்தது. 1993-ல் வந்த விதிப்படி ரொட்டி, தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி போன்றவற்றில் உப்பு ஓர் அளவைத் தாண்டினால் அதிக உப்புள்ளது என்று உறையிலேயே அச்சிட வேண்டும். அப்படி ஒரு வாசகத்தை எந்தத் தயாரிப்பாளரும் விரும்புவதில்லை என்பதால் உப்பைத்தான் குறைத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 5 கிராமுக்குக் கீழே, ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அங்கேயே இன்னும் எட்டவில்லை, பெரும்பாலான நாடுகளிலும் எட்டவில்லை.

தொண்ணூறுகளில் கிராமங்களுக்கிடையே கொலஸ்ட்ரால் குறைக்கும் போட்டி நடத்தினார்கள். இரண்டு மாதம், முன்னும் பின்னும் பரிசோதனை, எந்த ஊரின் சராசரி அதிகம் குறைகிறதோ அந்த ஊருக்கு வெற்றி. எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் ஒருவருடைய ரத்தப் பரிசோதனை ஊர்க் காரியமாக மாறிவிடுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் காய் வாங்கினாரா என்று அக்கறையோடு விசாரிக்க ஆளிருக்கிறது.

கிடைத்தது என்ன, சந்தேகம் எங்கே

வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களின் இதய நோய் மரண விகிதம், நாற்பது ஆண்டுகளில், வடக்கு கரேலியாவில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 6.9 ஆக இருந்த ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் 2012-ல் 5.4 அளவில் இருந்தது. கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகை என்ற மூன்றின் மாற்றமே இந்த மரணக் குறைவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை விளக்குகிறது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. மூன்றிலும் கொலஸ்ட்ராலின் பங்குதான் பெரியது, அதில் பெரும்பகுதி சாப்பாட்டால் வந்தது. மீதிக்குச் சிகிச்சை முன்னேற்றம் முக்கியக் காரணம்.

ஆனால் இதை மாயமந்திரமாகச் சொல்லக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட பக்கத்து மாகாணமான குவோபியோவிலும் மரணம் குறைந்தது, 1977-க்குப் பிறகு திட்டத்தின் அனுபவம் நாடு முழுக்கப் பரவியது, பிற பல மேற்கு நாடுகளிலும் அதே காலத்தில் இதய நோய் மரணம் இறங்கியது. எனவே திட்டத்தால் மட்டும் எவ்வளவு என்று கோடு போட்டுப் பிரிப்பது கடினம், அறிஞர்களுக்குள் இதில் வாதம் உண்டு. எனக்கு அந்த வாதம் முக்கியமாகப் பட்டாலும், சாப்பாடு மாறியதையும், கொலஸ்ட்ரால் அதனுடன் சேர்ந்து இறங்கியதையும் யாரும் மறுக்கவில்லை என்பதே போதுமானது.

இன்னொன்றும் நடந்தது. 2007-க்கும் 2012-க்கும் இடையே பின்லாந்தின் சராசரி கொலஸ்ட்ரால் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாகச் சற்று ஏறியது. மாவுச்சத்தைக் குறைத்து வெண்ணெயைக் கூட்டும் உணவுமுறை அப்போது ஊடகங்களில் பரபரப்பாக ஓடியது. உடல் எடையும் இத்தனை ஆண்டுகளில் கூடித்தான் இருக்கிறது. நல்ல பழக்கம் ஒருமுறை வந்தால் தானாக நிற்காது என்பதற்கு அதே நாடுதான் சாட்சி.

வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது

எங்கே தொடங்குவது என்று கேட்டால், அபூர்வமாகச் சாப்பிடுவதை விட்டுவிட்டு அன்றாடம் வாய்க்குப் போவதைப் பாருங்கள் என்பேன். பண்டிகை இனிப்பைப் பற்றி வீட்டில் நடக்கும் சண்டையில் பாதியாவது தினசரிக் காபி சர்க்கரையைப் பற்றி நடந்தால் நல்லது. ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம். நாளுக்கு மூன்று கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 24 கிராம். சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. அந்த 5 சதவீதம் பெரியவருக்குச் சுமார் 25 கிராம்தான், காபியிலேயே முடிந்துவிட்டது.

சமையல் எண்ணெயும் உப்பும் அதே மாதிரி, எல்லாப் பதார்த்தத்திலும் நுழைபவை. பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே குறைந்துவிடும், வேறு எந்த முயற்சியும் வேண்டாம். உப்பை ஒரேயடியாகக் குறைத்தால் அன்றைக்கே புகார் வரும். வாரத்துக்கு ஒரு சிட்டிகை என்று இறங்கினால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும், பழகிய பிறகு பழைய அளவுதான் கரிக்கும். உப்பு ஜாடியை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். பொட்டாசியம் கலந்த உப்பு சிலருக்கு நல்ல மாற்று, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கடையில் வாங்கும் ரொட்டி, நொறுக்குத்தீனி, சாஸ், உடனடி நூடுல்ஸ் இவற்றில் உள்ள உப்பு கண்ணுக்குத் தெரியாது, உறையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். சில உறைகளில் சோடியம் என்று போட்டிருப்பார்கள், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

பழமும் காயும் நாளுக்கு ஒருவருக்கு 400 கிராம் என்பது பொதுவான இலக்கு. கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் தட்டில் பாதி என்ற படத்தை இரண்டு வேளை பின்பற்றி ஒரு பழமும் சாப்பிட்டால் ஏறக்குறைய வந்துவிடும். குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் பைக்குள் கிடக்கும் பழத்தை யாரும் தேடி எடுக்க மாட்டார்கள். கழுவி, கண் படும் இடத்தில் வைத்தால் போகிற போக்கில் எடுப்பார்கள். பிள்ளைகள் மிகப் பசியோடு இருக்கும் நேரம் சாப்பாட்டுக்கு முந்தைய கால்மணி நேரம். அந்த நேரத்தில் பச்சையாகத் தின்னக்கூடிய காயை நறுக்கி, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

குழந்தை ஒரு காயைத் துப்பியது என்றால் அது பிடிக்காத காய் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு புதுச் சுவை பழக எட்டு முதல் பதினைந்து தடவை வரை கூடத் தேவைப்படும் என்று குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கெஞ்சலும் மிரட்டலும் இதைத் தாமதப்படுத்தும், 'காயைத் தின்றால் இனிப்பு' என்ற பேரம் காயைக் கசப்பாகவும் இனிப்பைப் பரிசாகவும் மனதில் பதிக்கும். சிறு அளவு வையுங்கள், நீங்கள் அதையே அவர்கள் முன்னால் சாப்பிடுங்கள், மிச்சம் வைத்தால் பேசாமல் எடுத்துவிடுங்கள். பள்ளியில் கரேலியக் குழந்தைகள் பழகியதும் மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துத்தான்.

அடுத்த வாரமே தொடங்க விரும்பினால், உங்கள் வீட்டில் அடிக்கடி சமைக்கும் ஒரே ஒரு பதார்த்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் சாப்பிடுவதாக இருக்க வேண்டும். அதில் காயை ஒன்றரை மடங்காக்குங்கள், எண்ணெயை அளந்து ஊற்றுங்கள், உப்பில் ஒரு சிட்டிகை குறையுங்கள். ஒரு மாதம் அதை மட்டும் அப்படிச் செய்யுங்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அடுத்த பதார்த்தத்துக்குப் போங்கள், முகம் சுளித்தால் அரைச் சிட்டிகை திருப்பிப் போட்டு இரண்டு வாரம் கழித்து மீண்டும் முயலுங்கள்.